கஷ்டப் பிரதேசம்

எமது நாட்டின் கல்வி நிர்வாகத்திலே வழங்கிவரும் சொற்றொடர்களுள் 'கஷ்டப் பிரதேசம்' என்பதும் ஒன்று. பாடசாலைகள் அமைந்திருக்கும் இடங்களை நோக்கி, இது வசதியானது, இது கஷ்டமானது, இது அதிகஷ்டமானது என வகுத்து வைத்திருக்கின்றனர். ஆசிரியரின் நியமனமும் இடமாற்றமும் பெரும்பாலும் அவ்வகுப்பை ஒட்டியே நடைபெறுகின்றன. கஷ்டப் பிரதேசத்தில் குறித்த காலம் சேவை செய்து முடித்தவர் வசதியான இடத்துக்கு மாற்றம் கோரும் உரிமையைப் பெறுகிறார். எனவே இத்தகைய இடங்களில் இரண்டு ஆசிரியர்கள் முதன்முறை சந்தித்துக்கொண்டால், பெயரையும் பாடத்தையும் கேட்டறிந்ததும் அடுத்து எழும் வினா, "இன்னும் எத்தனை வருஷம், மாஸ்ரர்?" என்பதே.

இந்த ஏற்பாட்டை நாம் குறைகூற வரவில்லை. தூர இடங்களுக்கு ஆசிரியர் செல்லவேண்டுமாயின் ஏதோ ஒரு விதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. எமது மனத்தை உறுத்துவது அந்தச் சொற்றொடர். கஷ்டம் என்பது யாருக்கு? ஐந்தாண்டு இருந்துவிட்டுப் போகிறவருக்கா, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வாழ்ந்து மடிகிறவருக்கா? பின்னவருக்குக் கஷ்டமெனில், அவர்களுக்கு எந்தத் திணைக்களம் இடமாற்றம் வழங்குகிறது? இந்த வினாவை முன்வைத்து, நாம் வாழ்ந்துவரும் மன்னார்க் கரையோரச் சிற்றூர்களைப் பற்றிச் சில கருத்துக்களை எழுத விரும்புகின்றோம்.

நாம் வடமராட்சியிலே பிறந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, 2017 ஆம் ஆண்டு மன்னார் மாவட்டத்தின் கரையோரப் பட்டினம் ஒன்றுக்கு ஆசிரியராக வந்தோம். நியமனக் கடிதம் கிடைத்த அன்று வீட்டுக்கு வந்த உறவினர் சிலர் வாழ்த்துக் கூறினர். வேறு சிலர் துக்கம் விசாரித்தனர். "தண்ணி கவனம் தம்பி, அங்கை எல்லாம் சவர்" என்று பெரியம்மா சொன்னார். அவர் மன்னாரைக் கண்டதில்லை. ஆயினும் அவருடைய மனத்தில் மன்னார் என்ற சொல்லுக்கு வெயில், உப்பு, கழுதை, மடு மாதா என்ற நான்கு பொருள்களே இருந்தன. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் மனத்திலே அந்நிலத்துக்குக் கிடைத்துள்ள இடம் இவ்வளவுதான்.

மன்னார் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே வாழ்ந்தோர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். அதில் பாதியளவே பரப்புள்ள யாழ்ப்பாண மாவட்டத்தில் அதே ஆண்டில் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஓர் உத்தியோகத்தருக்கு மன்னார் வெறும் நிலமாகவே தோன்றும். வரைபடத்திலும் அப்படியே. ஆனால் பஸ் வண்டியில் ஏறி ஒரு முறை போய்வந்தவருக்கு அத்தோற்றம் நிலைக்காது.

தீவின் மேற்கு நுனியிலே இறங்குதுறையோடு தலைமன்னார். அதற்கு இப்பால், பெரிய மாதா கோயிலைச் சுற்றி நெருங்கிய வீடுகளும் கரையெங்கும் வள்ளங்களுமாகப் பேசாலை. பாய் இழைக்கும் கைகளுக்கும் கல்விக்கும் பெயர்பெற்ற முஸ்லிம் ஊரான எருக்கலம்பிட்டி. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கோட்டையும், பள்ளிமுனையிலே அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரமும், வீதியை மறித்து நிற்கும் கழுதைகளும் கொண்ட மன்னார் நகர். பாலத்தைக் கடந்தால் பெருநிலம்: பறவைகள் வந்திறங்கும் களப்பின் ஓரத்தில் வங்காலை, கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளையும் நானாட்டான், முருங்கன், வடக்கே அடம்பனும் விடத்தல்தீவும், தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி. இவற்றை ஊர் என்று சொன்னால் சற்றுப் பெரிது; நகரம் என்று சொன்னால் மிகச் சிறிது. ஒரு சந்தி, ஒரு பஸ் தரிப்பிடம், ஒரு கூட்டுறவுச் சங்கம், கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ இவற்றுள் இரண்டோ மூன்றோ, ஐஸ் ஆலை ஒன்று, தேநீர்க்கடை நான்கு. ஐந்து மணி வண்டியைத் தவறவிட்டால் மறுநாள் விடியும்வரை வெளியுலகம் இல்லை.

இத்தகைய சிற்றூரில் வாழ்வதென்பது எல்லோராலும் அறியப்பட்டவராக வாழ்வதாகும். நாம் வந்த முதல் வாரத்திலேயே எமது பெயரும், சொந்த ஊரும், மணமாகாத நிலையும், மரக்கறி விரும்பி உண்பவர் என்ற செய்தியும் கடைத்தெரு முழுவதும் பரவிவிட்டன. கடைக்காரர் கொப்பியிலே எமது பெயரில் ஒரு பக்கத்தைத் தாமாகவே திறந்துவிட்டார். காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தபோது, எந்த மாணவனின் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது என்பதை அறியமுடியாதபடி நான்கு வீடுகளிலிருந்து வந்தது. இந்த அன்பிலே ஒரு கண்காணிப்பும் உண்டு. யார் யாருடன் பேசினார், எந்தப் பெண் எந்த வண்டியில் ஏறினாள் என்பதெல்லாம் மாலைக்குள் ஊர்ச் செய்தியாகிவிடும். பெருநகரத்தார் இதில் ஒன்றை மட்டும் கண்டு கவிதை பாடுவர். மற்றதை மட்டும் கண்டு முகம் சுளிப்பர். அங்கே வாழ்கிறவருக்கு இரண்டும் ஒருங்கே வாய்க்கின்றன.

கடலும் காற்றும் எவ்வாறு இவ்வூர்களை ஆள்கின்றன என்பதை நாம் கற்றுக்கொண்டது நூல்களிலிருந்து அன்று. வகுப்பறையின் வரவுப் பதிவேட்டிலிருந்து. சோளகம் எழுந்து தென்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தொழிலாளர் வடகடலுக்கு மாறுவர். வாடை வீசத் தொடங்கினால் தென்கடற் பக்கம் வருவர். குடும்பங்கள் சில வாடிகளுக்குப் பெயரும். அவற்றோடு பிள்ளைகளும் பெயர்வர். பதிவேட்டிலே ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பெயர்களுக்கு நேரே சிவப்புக் கோடு விழுமாயின், கரையில் நல்ல மீன் படுகின்றது என்று பொருள். பதினைந்து வயதுப் பையன் வலை இழுக்கப் போனால் அன்றைக்குக் கையிலே காசு கிடைக்கும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை என்ன தரும் என்பதை அவனுக்கு எடுத்துக்கூறும் பொறுப்பு எம்முடையது. அதனை மெய்யென்று காட்டுவதற்கு ஊரிலே உதாரணங்கள் சிலவே உள. படித்து உயர்ந்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டனர் அல்லவா?

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பிலே ஐந்திணையைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல் என்று வந்து, நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று கரும்பலகையிலே எழுதினோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சேர், நெய்தல் எண்டால் ஏன் இரங்கல்? எங்கட கரையில விடியக் காலமை மீன் கூறுற சத்தத்துக்குள்ள ஒருத்தருக்கும் இரங்க நேரமில்லையே" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும், அதிகம் பேசாத இன்னொரு மாணவன் சொன்னான்: "இரங்கல் இருக்கு சேர். கடல் பிந்தினா இல்லை. வலை அறுந்து வந்தாத்தான்."

இதற்கு உரை எழுதவேண்டுமாயின் பாக்குநீரிணையின் பொருளாதாரத்தை எழுதவேண்டும். வாரத்திலே மூன்று இரவுகள் இந்திய இழுவைப் படகுகள், மக்கள் 'றோலர்' என்று சொல்பவை, எமது கரைவரை வந்து அடித்தளத்தையே வாரிச்செல்கின்றன. அவ்விரவுகளில் இங்குள்ள சிறு தொழிலாளர் பலர் கடலுக்குப் போவதில்லை. போனால் வலை மிஞ்சாது. இழுவை மடி முறையை இலங்கை 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் காகிதத்தில் இருக்கின்றது. மடி கடலில் இருக்கின்றது. இதனை ஈழத் தமிழருக்கும் தமிழகத் தமிழருக்கும் இடையிலான பகையாகச் சித்திரிப்போர் உளர். அது பிழையான பார்வை. அப்படகுகளிலே கூலிக்கு வந்து, பிடிபட்டுச் சிறையில் வாடுபவரும் இராமநாதபுரத்து ஏழைகளே. படகின் சொந்தக்காரர் கரையிலே இருக்கின்றார். எங்கள் மாணவனின் தந்தை அறுந்த வலைக்குப் பதில் புதுவலை வாங்கச் சம்மாட்டியிடம் முற்பணம் பெறுகின்றார். அதன்பின் அவருடைய மீன் சம்மாட்டி சொன்ன விலைக்கே போகும். இங்கே இரங்கல் பிறப்பது கடலலையிலிருந்து அன்று, கணக்குக் கொப்பியிலிருந்து.

அன்றிலிருந்து நாம் அந்தப் பாடத்தை வேறு வகையாகப் படிப்பிக்கின்றோம். இரங்கல் கடற்கரையின் இயற்கைக் குணம் அன்று. அது அக்கரையின் வரலாறு. யார் வந்தார், எதனை எடுத்தார், யாரைக் கேட்டார் என்று தேடினால் அவ்வரலாறு துலங்கும்.

முதலிலே முத்து. சிலாவத்துறைக்கும் அரிப்புக்கும் அப்பாலுள்ள பார்களிலே நூற்றாண்டுக் கணக்காக முத்துக்குளித்தனர். பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அதனை மேற்பார்வை செய்வதற்கென்றே அரிப்பிலே தூண்கள் நிறைந்த ஒரு மாளிகையைக் கட்டினார். 1905 ஆம் ஆண்டுக் குளிப்பிலே 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. உயிரைப் பணயம் வைத்து மூச்சடக்கிக் குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. அரசுக்கு இரண்டு பங்கு. மறுஆண்டிலேயே பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. சிறிது காலத்தில் சிப்பியும் இல்லை, கம்பனியும் இல்லை. அப்போது மறிச்சுக்கட்டியிலே உத்தியோகத்தராக இருந்த லெனார்ட் வூல்ஃப், பிற்காலத்தில் 'முத்துக்களும் பன்றிகளும்' என்று பொருள்படும் தலைப்பிலே ஒரு சிறுகதை எழுதினார். ஓலைக் கொட்டில்களால் எழுந்து, பருவம் முடிந்ததும் கலைந்துபோன அந்த நகரத்துக்கு ஆங்கிலத்திலே ஒரு கதை கிடைத்தது. தமிழிலே அதற்கு ஈடான ஒரு நாவல் இன்னும் எழுதப்படவில்லை என்பதே எமது ஆதங்கம். நோர்த்தின் மாளிகை இடிந்து சிறிது சிறிதாகக் கடலை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கின்றது. எமது மாணவர் அதன் நிழலிலே கிரிக்கெட் ஆடுகின்றனர்.

அடுத்து மனிதர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழகத்துக் கூலிகள் இக்கரையில் இறங்கியே காட்டுவழியாக மாத்தளைவரை நாட்கணக்கில் நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே வீழ்ந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. 1914 ஆம் ஆண்டு தலைமன்னாருக்குப் புகையிரதமும் தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின. கொழும்பிலே ஏறியவர் சென்னையிலே இறங்கலாம். இன்று 'கடைசித் தரிப்பிடம்' என்று அழைக்கப்படும் தலைமன்னார், அன்று இரு நாடுகளின் நடுவழியாக இருந்தது. 1964 ஆம் ஆண்டு இருபெரும் நிகழ்ச்சிகள் நேர்ந்தன. ஒக்டோபரிலே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென அது முடிவு செய்தது. டிசம்பரிலே வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலிலே, பாட்டன் நடந்துவந்த கரையிலிருந்து பேரன் திருப்பி அனுப்பப்பட்டான். இறங்குதுறையிலே கேட்ட அழுகையைத் தலைமன்னார் முதியோர் இன்றும் சொல்கின்றனர். 1984 இல் கப்பலும் நின்றது; 1990 இல் போரினால் புகையிரதமும் நின்றது. அப்புகையிரதம் மீண்டும் தலைமன்னாரை அடைந்தது 2015 ஆம் ஆண்டு மார்ச்சிலே.

1990 என்று எழுதும்போது இன்னொன்றை எழுதாமல் விடுதல் நேர்மையாகாது. அவ்வாண்டு ஒக்டோபரிலே வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் சில நாட்களில் வெறுமையாயின. மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களிலே கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தனர். போர் 2009 இல் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பினர். கூரையில்லாச் சுவரும், காடு பரவிய காணியும், எல்லை மறந்த அயலவரும் அவர்களை வரவேற்றனர். எமது வகுப்பிலே புத்தளத்தில் பிறந்து எருக்கலம்பிட்டியைச் 'சொந்த ஊர்' என்று எழுதும் பிள்ளை இருக்கின்றது. அந்தப் பிள்ளையும், தந்தை போரில் காணாமற்போன பேசாலைப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து ஒரே நூலைப் படிக்கின்றனர். தமிழ் மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பேசும் நாவினாலேயே, தமிழ் பேசும் இன்னொரு மக்களுக்கு எமது பெயரால் இழைக்கப்பட்ட அநீதியையும் பேசவேண்டும் என்று நாம் அவ்வகுப்பிலேதான் உறுதிகொண்டோம்.

இப்பொழுது காற்றின் முறை வந்திருக்கின்றது. மன்னார்த் தீவின் தென்கரையிலே 2020 ஆம் ஆண்டு டிசம்பரில் 30 காற்றாலைகளைக் கொண்ட, 103.5 மெகாவாற்று வலுவுள்ள 'தம்பபவனி' திறந்துவைக்கப்பட்டது. அதன்பின் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாற்றுத் திட்டம் ஒன்றை முன்வைத்து, எதிர்ப்புகளின் பின் 2025 பெப்ரவரியிலே விலகிக்கொண்டது. வேறு திட்டங்கள் தொடர்ந்தன. அவற்றோடு, கரைமணலிலே கனியங்கள் உண்டென்று கண்டு அகழ விரும்பும் கம்பனிகளும் வந்தன. 2025 ஓகஸ்டிலே மக்கள் மன்னார் நகரிலே இரவுபகலாக அமர்ந்து போராடினர். கத்தோலிக்கக் குருமாரும் மௌலவிமாரும் சைவப் பெரியாரும் மீனவரும் ஒரே பந்தலிலே இருந்த காட்சியை, இவ்வூர்களின் பழைய பிணக்குகளை அறிந்தவர் எளிதில் மறக்கமாட்டார்.

காற்றிலிருந்து மின்சாரம் பெறுவதை நாம் எதிர்க்கவில்லை. நுரைச்சோலையிலே நிலக்கரி எரித்துப் புகை கக்கும் நாடு வேறு வழி தேடவே வேண்டும். விஞ்ஞானத்துக்கு எதிராகப் பழமையைப் போற்றுவது எமது வேலையன்று. ஆனால் வினா வேறு. காற்றாலைக்கு வீதி அமைத்தபின் மழைநீர் ஓடும் வழி அடைபட்டு ஊர் மூழ்குகின்றது என்று மக்கள் சொல்கின்றனர். ஒளியும் அதிர்வும் கரையோர மீனைத் துரத்துவதாகக் கரைவலைத் தொழிலாளர் சொல்கின்றனர். வங்காலைக் களப்பு 2010 ஆம் ஆண்டு முதல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உள்ள ஈரநிலம். கடல்கடந்து வரும் பறவைகளின் பாதை இது என்று அறிஞர் சொல்கின்றனர். இவற்றுள் எது எவ்வளவு உண்மை என்பதை ஆராய்ந்து அறியலாம். ஆராய்வதற்கு முன்னரே, 'அங்கே யார் இருக்கின்றார்கள்? வெறும் தரைதானே' என்று முடிவுசெய்வதுதான் அநீதி. முத்துக் காலத்திலும் கப்பற் காலத்திலும் இந்த எண்ணமே செயற்பட்டது. எடுப்பவர் மாறினர், எடுக்கும் பொருள் மாறியது, கேட்கப்படாதவர் மட்டும் மாறவில்லை.

இவ்வூர்களைக் குற்றமற்ற கிராமங்களாகக் காட்டுவதும் எமது நோக்கமன்று. வெளியார் மட்டுமா இங்கே சுரண்டுகின்றனர்? சம்மாட்டிக்கும் கூலிக்கும் இடையே உள்ள கடன் சங்கிலி ஊருக்குள்ளேயே வார்க்கப்பட்டது. கருவாட்டு வாடியிலே வெயிலில் நின்று உழைக்கும் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலிக்குக் கீழேதான் இருக்கின்றது. சாதி இங்கே இல்லை என்று சொல்பவர் திருமணப் பேச்சு நடக்கும் வீட்டிலே ஒரு மாலை இருந்து பார்க்கவேண்டும். மாலையானால் குடி எத்தனை குடும்பங்களின் உலையை அணைக்கின்றது என்பதைத் தாய்மாரே எம்மிடம் வந்து சொல்லியிருக்கின்றனர். வெளியாருக்கு எதிராக ஒன்றுபட்ட பந்தலிலே பெண்களின் கூலி பற்றிய பேச்சும் எழவேண்டும். அதுவரை அந்த ஒற்றுமை நிறைவுபெறாது.

2022 ஆம் ஆண்டு நாடு முழுவதும் நெருக்கடி வந்தபோது, இச்சிற்றூர்களின் நிலை எவ்வளவு மெல்லிய நூலிலே தொங்குகின்றது என்பது தெரிந்தது. சிறு வள்ளங்களின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. அவ்வாண்டு ஓகஸ்டிலே லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. கடலுக்குப் போய்வரும் செலவு பிடிபடும் மீனின் விலையை விஞ்சியது. அதற்கு முன்னரே, மார்ச் மாதம் தொடக்கம், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இக்கரையிலிருந்து இரவிலே புறப்பட்டுத் தனுஷ்கோடிப் பக்கத்து மணற்றிட்டுகளிலே இறங்கிய குடும்பங்களின் செய்தி வரத் தொடங்கியது. போரில்லாத காலத்திலே, பசிக்கு அஞ்சிப் புறப்பட்ட அகதிகள் அவர்கள். இடமாற்றம் வழங்கும் திணைக்களம் அவர்களுக்கு இருக்கவில்லை. தாமே தமக்கு வழங்கிக்கொண்டனர்.

இத்தனைக்கும் நடுவே இவ்வூர்கள் வாழ்கின்றன என்பதையும், வாழ்வதற்குரிய வளம் அவற்றிடம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். மன்னார்க் கத்தோலிக்க மக்களின் நாடகமும் வாசாப்பும் தமிழ் அரங்கின் அரிய செல்வங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே அவற்றைப் பதிப்பித்தபோதுதான் பல்கலைக்கழகத்தார் அவற்றின் பெருமையை உணர்ந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதிய தொழிலாளி, வலை பொத்திக்கொண்டே, தாம் இளமையில் ஆடிய அரசன் பாத்திரத்தின் பாட்டு முழுவதையும் எமக்குப் பாடிக்காட்டினார். அவர் பாடியதை எமது மாணவர் இருவர் எழுதிக்கொண்டனர். அதிலிருந்து ஒரு முயற்சி பிறந்தது. காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், வலையின் உறுப்புகளின் பெயர், மீனின் பெயர் என்று வீடு வீடாகக் கேட்டு உயர்தர வகுப்பு மாணவர் ஒரு கொப்பி நிறையத் தொகுத்திருக்கின்றனர். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்ற நான்கோடு அது நிற்கவில்லை. அவற்றின் இடைத்திசைகளுக்கும் இவர்களிடம் பெயர் உண்டு. எமது பேரகராதிகளிலே தேடினோம். பல சொற்கள் அங்கே இல்லை. தமிழ் சிறப்புப் பட்டம் பெற்ற எமக்கு வலை இழுக்கும் பையன் சொற்பொருள் சொல்லிக்கொடுக்கும் நிலை, எமது கல்வி முறை பற்றி எவ்வளவோ சொல்கின்றது.

வலை அறுந்தால்தான் இரங்கல் என்று சொன்ன அந்த மாணவன் பரீட்சைக்கு முன்னரே படிப்பை நிறுத்தத் தீர்மானித்தான். நாம் அவனுடைய வீட்டுக்கு மூன்று முறை சென்றோம். தந்தையின் கடன் அடையும்வரை பையன் கடலுக்குப் போகவேண்டும் என்பதே வீட்டின் முடிவு. அவர்களிடம் கல்வியின் பெருமையைப் பேசிப் பயனில்லை. கூட்டுறவுச் சங்கத்தாரோடு பேசி, வலைக்கு ஒரு சிறு கடனைச் சம்மாட்டியிடமிருந்து சங்கத்துக்கு மாற்ற முடிந்தது. பையன் வகுப்புக்குத் திரும்பினான். வாரத்தில் நான்கு நாள் வருகின்றான், ஒரு நாள் கடலுக்குப் போகின்றான். இது பெரிய வெற்றியன்று. ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. இத்தகைய ஊரிலே ஆசிரியரின் வேலை கரும்பலகையோடு முடிவதில்லை. அந்த வேலையைச் செய்ய ஊரை அறியவேண்டும். ஊரை அறிவதற்கு ஆண்டுகள் வேண்டும். புதிதாக வருபவர் அறியத் தொடங்கும்போது சேவைக்காலம் முடிந்துவிடுகின்றது. இழப்பு மாணவருடையது.

எமது சேவைக்காலம் முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் தூரமில்லை; விடுமுறைக்கு ஊருக்குப் போய் வருகின்றோம். பெரியம்மா ஒவ்வொரு முறையும், "எப்ப மாறி வாறாய்?" என்று கேட்கின்றார். அந்தச் சொற்கொப்பியைத் தொகுத்த பிள்ளைகள் பரீட்சை எழுதும்வரை மாற்றம் கோருவதில்லை என்று முதலிலே எண்ணியிருந்தோம். இப்பொழுது அவர்களுக்கு அடுத்த வகுப்பும் வந்துவிட்டது. தியாகம் என்று இதனைக் கூறவேண்டியதில்லை. சம்பளம் ஒன்றே, தண்ணீர்தான் சவர்.

எமது முற்போக்கு எழுத்தாளர்களிடமும் ஆசிரியத் தோழர்களிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கின்றோம். மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் இதுபோன்ற ஏனைய கரைகளுக்கும் எழுதுபொருள் தேடி ஒருநாட் பயணம் வருவதோடு நிறுத்திவிடாதீர்கள். சில மாதங்களாவது தங்குங்கள்; மீன் கூறும் இடத்திலே நில்லுங்கள்; வாடியிலே பெண்களோடு பேசுங்கள்; கணக்குக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காற்றாலையோ, மணலோ, துறைமுகமோ எதுவாயினும், திட்டம் வரைபவர் அவ்வூர் மக்களை முதலிற் கேட்கவேண்டும் என்று வற்புறுத்துங்கள். அந்த மக்கள் தமது கஷ்டத்தைத் தாமே எழுதும் காலம் வரும். அதற்கு வேண்டிய எழுத்தை அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள், குறைந்தபட்சம் அவர்கள் பரீட்சை எழுதி முடிக்கும்வரையாவது அங்கே இருக்கவேண்டும்.